நடைவேகத்தில் ஒரு சிவப்புக் கார்

போன தை மாதம் அது. அக்கரப்பத்தனைப் பக்கம் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் என் தங்கச்சிக்குத் தாலி கட்டி முடிந்தபோது காலை பத்து மணி இருக்கும். அங்கிருந்து மேலே இருக்கும் மண்டபத்துக்கு ஊர்வலமாகப் போக வேண்டும். நடந்தால் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பன்னிரண்டு வருடமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். எங்கள் தோட்டத்து ரோட்டில் எந்த வளைவில் எந்தக் கல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மழை நாளில், வேன் நிறையப் பிள்ளைகளோடு, ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கிற வேலை எனக்குச் சோறு தின்கிற மாதிரி.

மாப்பிள்ளை கினிகத்தேனைக்காரர். கொழும்பில் உத்தியோகம். குணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊர்வலத்துக்கு என்று சிநேகிதர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்திருந்தார். இரண்டே சீட். தரையோடு படுத்துக் கிடக்கும் வண்டி. அவருடைய சொந்தக் காரில் கியர் போடுகிற வேலையே கிடையாது. இதிலோ கிளட்ச் மிதித்துக் கியர் மாற்ற வேண்டும். இரண்டு நாள் ஓட்டிப் பழகினாராம். எங்கே? ஹைவேயில்! வேகமாக ஓட்டுவதற்கு என்ன பழக்கம் வேண்டும்? நேராகப் பிடித்து மிதித்தால் வண்டி தானாகப் பறக்கும். மேளக்காரர் நடக்கிற நடைக்கு ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கட்டும், அப்போது தெரியும் யார் டிரைவர் என்று.

முன்னால் மேளக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் கார், அதில் மாப்பிள்ளையும் தங்கச்சியும். காருக்குப் பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள். முதல் வரிசையில் எங்கள் சித்தி. அம்மா போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவர். இருபத்தைந்து வருடமாக மலையில் கொழுந்து பறிக்கிறவர். கழுத்தளவு உயரத்துக்குப் பழம் அடுக்கிய தட்டு அவர் கையில். காலடியில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியவே தெரியாது.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லய வீடுகளைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. மேளம் நின்றால் கார் நிற்க வேண்டும், மேளம் நகர்ந்தால் நகர வேண்டும். மாப்பிள்ளை பிரேக்கில் இருந்து காலை எடுத்து எக்ஸ்லேட்டருக்குக் கொண்டுபோவதற்குள் வண்டி ஓரடி பின்னால் உருண்டது. பெண்கள் "ஐயோ!" என்று விலகினார்கள். விலகிவிட்டுச் சிரித்தார்கள், கல்யாண வீடு இல்லையா. இரண்டாவது தடவை கார் உறுமிக்கொண்டு ஒரு துள்ளுத் துள்ளியது. தவில்காரர் ஓரத்துக்குப் பாய்ந்தார். அப்போதுதான் அந்த வாசம் வந்தது. கிளட்ச் கருகுகிற வாசம்.

நான் ஓடிப்போய்க் கார் ஜன்னலில் குனிந்தேன். புது மாப்பிள்ளை, தங்கச்சி பக்கத்தில் இருக்கிறாள், சுற்றிலும் சம்பந்தி வீட்டு ஆட்கள். குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கிச் சொன்னேன்.

"தம்பி, கிளட்ச் எரியுதுங்க. ஹேண்ட் பிரேக்கப் புடிச்சுக்கிட்டு எடுங்க."

அவர் கியரைப் பிடித்துக்கொண்டு முன்னால் மேளத்தையே பார்த்தார். கூடவே நடந்து வந்த அவருடைய தாய்மாமன்தான் சொன்னார்.

"அது பெக்டரி வாசம்மா. மாப்பிள்ள நூத்திநாப்பதுல ஓட்டுற ஆளு. பொம்பளைங்க பின்னால போங்க."

பெக்டரி வாசமா? தேயிலை வாசத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தங்கச்சி கண்ணாலேயே 'வேணாங்க்கா' என்று கெஞ்சினாள். பெண் வீட்டுக்காரி நாலு பேர் முன்னால் மாப்பிள்ளையைக் குறை சொன்னால் அந்தப் பேச்சு காலத்துக்கும் தங்கச்சி தலையில் விடியும். வாயை மூடிக்கொண்டு பின்னால் போனேன்.

பெரிய வளைவில் ரோடு சுவர் மாதிரி நிற்கும். அங்கே வைத்து மேளக்காரர்கள் ஒரு சுற்று வாசிக்க நின்றார்கள். காரும் நின்றது. மறுபடி எடுக்கும்போது இஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. வண்டி விறுவிறுவென்று பின்னால் வந்தது. மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். தட்டோடு நின்ற சித்தியின் முழங்காலில் காரின் பின்பக்கம் இடித்துத் தள்ளியது. அவர் அப்படியே ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தார். வலது கணுக்கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது.

நான் கானுக்குள் இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த மாமன் மேலே நின்றுகொண்டு கேட்கிறார்.

"ஏம்மா இப்புடி வண்டியோட ஒட்டிக்கிட்டு வர்றீங்க? தள்ளி வரத் தெரியாதா?"

அவ்வளவுதான். மாப்பிள்ளை வீடாவது, மண்ணாங்கட்டியாவது.

"வாய மூடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் பாதியில் நின்றது. "வண்டிய நிப்பாட்டத் தெரியாதவருக்கு வக்காலத்து வாங்குறீங்களா? கெடக்குறது மனுசி! கண்ணு தெரியலயா ஒங்களுக்கு?"

நாலு பேர் சேர்ந்து நடக்கிற அகலம்தான் அந்த ரோடு. என் வேன் கீழே கோயிலடியில் நிற்கிறது. கார் நடுவில் அடைத்துக்கொண்டு நிற்கும்போது அது எப்படி மேலே வரும்? இருக்கிற ஒரே வழி அந்தக் கார்தான். கதவைத் திறந்து, "ரெண்டு பேரும் எறங்குங்க" என்றேன். தங்கச்சி மறுபேச்சில்லாமல் இறங்கினாள். சித்தியின் புடவையெல்லாம் சேறு. மாமன் விடவில்லை. அடுத்தவன் வண்டியாம், வெள்ளை சீட்டாம், கறை பட்டால் யார் பதில் சொல்வதாம். அப்போதுதான் மாப்பிள்ளை வாய் திறந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"மாமா, பேசாம இருங்க. அக்கா, சாவி வண்டியிலயே இருக்கு. நீங்க எடுங்க."

சித்தியைப் பக்கத்து சீட்டில் தூக்கி உட்காரவைத்து, செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஏறினேன். அத்தனை வாய் பேசினேனே, முதல் தடவை என் காலிலும் அந்தக் கார் அணைந்தது! என் டீசல் வேன் எக்ஸ்லேட்டர் தொடாமலே கிளட்சில் மெல்ல நகரும். அதே நினைப்பில் விட்டேன். கார் உதறி நின்றது, சித்தி "அம்மா!" என்று அலறினார். பக்கத்தில் நின்ற மாமனின் முகத்தில் ஒரு சந்தோசம். எனக்கு அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மூச்சை இழுத்து விட்டேன். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, எக்ஸ்லேட்டரில் கால் பெருவிரலை மட்டும் வைத்து, கிளட்சை நூல் நூலாக மேலே விட்டேன். எங்கேயோ உச்சியில்தான் அது பிடித்தது. வண்டி லேசாக மூக்கைத் தூக்கியது. கால் அப்படியே நிற்க, ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். ஒரு குலுக்கல் இல்லாமல் நகர்ந்தது. மேளக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ரோட்டோரம் கைகோத்து நின்றது கண்ணாடியில் தெரிந்தது.

மண்டபத்தையும் தாண்டி ஆஸ்பத்திரிக்கு மூன்று மைல். ஒவ்வொரு குழியிலும் வண்டியைக் கோணலாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக இறக்கி, அப்படியே ஏற்றினேன். இறக்கத்தில் முதல் கியரிலேயே விட்டு, இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி போனேன். கொஞ்சம் இடறினாலும் சித்தி பல்லைக் கடிப்பார். ரோட்டில் ஒரு நாய்கூட எங்களை முந்திக்கொண்டு போனது. போகிற வழியெல்லாம் நான் அந்த மாமனைத் திட்டிக்கொண்டே போனேன். இங்கே எழுத முடியாத வார்த்தையெல்லாம் வந்தது.

சித்தி கேட்டுக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசல் தெரிகிற இடத்தில்தான் பேசினார்.

"மொதத் தடவ வண்டி பின்னால வந்தப்பவே ஒனக்குத் தெரிஞ்சிருச்சா பிள்ள?"

"தெரிஞ்சிச்சு சித்தி. சொன்னேனே!"

"காதுக்குள்ளதானே சொன்ன. வேன் கதவுல பிள்ளைங்க தொங்குனா எப்புடிக் கத்துவ? அப்புடிக் கத்தியிருந்தா நாங்க தள்ளிப் போயிருப்போம்ல."

கோபமாகச் சொல்லவில்லை. வலியோடு, விளங்காத ஒன்றைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். வண்டியை அலுங்காமல் வாசலில் நிறுத்தினேன்.

எலும்பு முறிந்திருந்தது. ஆறு மாதம் அவரால் மலை ஏற முடியவில்லை. இப்போதும் ஈரமான சரிவில் கூடையோடு இறங்கும்போது வலது காலைப் பார்த்துப் பார்த்துத்தான் வைக்கிறார். மாப்பிள்ளை மாதம் தவறாமல் வந்து பார்க்கிறார், அவர் மேல் எனக்கு வருத்தம் தீர்ந்துவிட்டது. பெண்கள் ஒட்டி நடந்ததுதான் காரணம் என்று அந்த மாமன் இன்னும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். கேட்கும்போதெல்லாம் உடம்பு எரிகிறது. ஆனால் அவரைத் திட்டி முடித்த பிறகும் ஒரு கோபம் மிச்சம் இருக்கிறது. கத்த வேண்டிய நேரத்தில் மரியாதை பார்த்துக் காதுக்குள் பேசிய ஒருத்தி மேல் வரும் கோபம் அது, அவளை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.