சயான் சிக்னலில் எஞ்சின் அணையும்போது

எங்கள் வண்டி காற்றை நம்பி ஓடுகிற பைக். எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். எதிர்க்காற்று அவற்றின் மேல் பட்டுச் சூட்டை எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஓடும்போது இது தானாக நடக்கிறது. நிற்கும்போதுதான் தொந்தரவு. பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும், காற்று வராது. உள்ளே எண்ணெய் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து முடிந்தவரை தாங்கும். மும்பை தாராவியிலிருந்து சயான் சிக்னலுக்கு வந்து நின்றால் முன்னால் பஸ், பக்கத்தில் டெம்போ. அவையும் தங்கள் சூட்டை நம் கால்மேல் விடும்.

அதனால் என் கணவர் சயானில் வண்டியை அணைத்துவிடுவார். எல்லாச் சிக்னலிலும் இல்லை. அணைத்த உடனே சூடு இறங்காது, எண்ணெய் நின்றுபோவதால் கொஞ்ச நேரம் ஏறும், பிறகுதான் இறங்கும், ஆகவே சின்னச் சிக்னலுக்கு அணைப்பதில் லாபமில்லை என்பார். அவராகச் சொல்லும் கணக்கு என்று நினைத்தேன். மாட்டுங்காவில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்த எஞ்சின் புத்தகத்தில் தேடி வாசித்தேன். அவர் சொன்னதுதான் அதிலும் இருந்தது.

எனக்கு அந்தச் சிக்னலில் வேண்டியிருந்தது வேறு. எங்கள் வீடு ஒரே கோலி, அதாவது ஒற்றை அறை. அதில் மாமனார், மாமியார், நாங்கள். சமையல், குளியல், டிவி எல்லாம் அங்கேதான். கல்யாணமாகி நான் வந்தது தை மாதம். நாங்கள் இருவரும் முதல்முறையாக முழுதாக ஒரு விஷயம் பேசி முடித்தது மாசியில், சயான் சிக்னலில். என்னைச் செம்பூரில் அலுவலகத்தில் இறக்கிவிட்டு அவர் விக்ரோலி பட்டறைக்குப் போவார். எஞ்சின் அணைந்ததும் ஹெல்மெட்டைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, திரும்பாமலே பேசுவார். நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பதில் சொல்வேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் அழுதது அங்கேதான். குழந்தை வேண்டும் வேண்டாம் என்று பேசியதும் அங்கேதான். ஒருநாள் பச்சை விழுந்தும் நாங்கள் கவனிக்கவில்லை. பின்னாலிருந்த ரிக்‌ஷாக்காரர், பாபி என்று என்னை அண்ணி முறையில் அழைத்து, மீதிக் கதையை அடுத்த சிக்னலில் சொல்லுங்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

பட்டறையை மூடியதும் அவர் வேலைக்குத் தோஹா போனார். இரண்டு வருஷ ஒப்பந்தம். மாடியில் இன்னொரு கோலி எழுப்பவேண்டும் என்பது வீட்டின் ஆசை. அந்த மாடிக் கோலி எங்கள் இருவருக்குத்தான்.

ஒப்பந்தம் முடிகிற வருஷம் ஆவணியில், இன்னொரு வருஷம் இருக்கச் சம்மதமா என்று கம்பெனியில் அவரைக் கேட்டார்கள். புரட்டாசி முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும். அவர் வந்துவிட வேண்டும் என்று நான் விரும்பினேன். அதைச் சொல்ல எனக்கு இடமில்லை.

அவருக்குப் போன் பேச நேரம் கிடைப்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. வேலையிடத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். போன் அடித்ததுமே அத்தை, "ஸ்பீக்கர்ல போடுளா, நாங்களும் கேக்கோம்லா" என்பார். அதில் தப்பும் இல்லை, அவர் பெற்ற பிள்ளையின் குரல். இருக்கலாமா வரலாமா என்று என் கணவர் கேட்டபோது மாமா மாடிச் சுவர் எதுவரை வந்திருக்கிறது என்று சொன்னார். கூரை போட்டுவிட்டால் கவலையில்லை என்று அத்தை சொன்னார். கடைசியில் அவர் என்னைக் கேட்டார்.

"நீ என்ன சொல்லுத?"

"எல்லாரும் சொல்றதுதான்."

அத்தை போன் கட்டாகிவிட்டதா என்று கேட்டார்.

வெளியே எங்காவது நின்று குரல் பதிவு செய்து அனுப்பலாமே என்று தோன்றும். செய்து பார்த்தேன். அலுவலகத்தில் ஒரே மேசையில் நான்கு பெண்கள். ரயிலில் கேட்கவே வேண்டாம். செம்பூரில் ஒரு மரத்தடியில் நின்று "அத்தான்" என்று ஆரம்பித்தேன், அதற்குமேல் வரவில்லை. எழுதி அனுப்பலாமென்றால், போர்வைக்குள் அடிப்பேன், அழித்துவிடுவேன்.

வண்டி அப்போது சந்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அதை நின்ற இடத்திலேயே ஓடவிடுவேன், பாட்டரி இறங்காமல் இருக்க. சூடு ஏற ஏற நல்லது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டு இட்லி ஊற்றப் போவேன். ஒருநாள் கருகின வாடை வந்து சந்தே எட்டிப் பார்த்தது. அன்றிரவு அவர் ஸ்பீக்கரிலேயே ஏசினார். நின்ற இடத்தில் ஓடவிட்டால் அது வெந்துபோகும், அதற்குக் காற்று வேண்டும், ஒரு சுற்று ஓட்டு என்றார். யார் ஓட்ட, என்றேன். நீதான் என்றார்.

வடாலாவில் இருக்கும் நாத்தனார் சொல்லித் தந்தாள். ஞாயிறு காலையில் மாட்டுங்காவின் மரமடர்ந்த தெருக்களில் வண்டி என்னைக் குலுக்கியது, அணைந்தது, மறுபடி குலுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் சிரித்தாள்.

"மைனி, கிளட்ச்சை அண்ணன் கையைப் பிடிச்ச மாதிரி பிடிச்சிக்கிட்டே இருக்காதீங்க. விடணும்."

"விட்டா ஓடிருதுல்லா."

"ஓடத்தானே வாங்கிருக்கு."

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை நான் தனியாக அலுவலகத்துக்கு வண்டியில் போனேன். சயானில் சிவப்பு விழுந்தது. முன்னால் பஸ். முழங்காலுக்குக் கீழே அந்தப் பழைய சூடு. கை தானாகச் சாவியைத் திருப்பியது. சுற்றிலும் அத்தனை ஹார்ன் இருந்தும் என்னைச் சுற்றி மட்டும் ஓர் அமைதி வந்தது. எதிரில் அவர் முதுகு இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். ஹெல்மெட்டைத் தூக்கிப் போனை எடுத்தேன்.

"அத்தான், கையெழுத்து போடாதீங்க. மாடி பைய எழும்பட்டும். எனக்கு நீங்க இங்க வேணும். வீட்டுல வச்சு இதைச் சொல்ல வரல. வந்துருங்க."

அனுப்பிவிட்டேன். பச்சை விழுந்தது. செம்பூரில் அமர் மஹால் சந்திப்பு வரைக்கும் எனக்குச் சாலையே சரியாகத் தெரியவில்லை.

இரவு போனில் எல்லாரோடும் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு எனக்கு மட்டும் எழுத்தில் வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார், நிதானமாக வாசிக்கவேண்டும். வியாழக்கிழமையே கையெழுத்து போட்டுவிட்டாராம். நீ வேண்டாம் என்று சொல்வாயா என்று ஒரு மாசமாகப் பார்த்தேன், எல்லாருக்கும் முன்னால் உன்னை வற்புறுத்த மனசு வரவில்லை என்று எழுதியிருந்தார். நான் போர்வைக்குள் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு கை தூரத்தில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சயானில் அணைத்தபோது அவர் குரல் வந்து காத்திருந்தது. வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பேசியிருந்தார். அடுத்த தடவை யார் கேட்டாலும் உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றார். பஸ்ஸின் இரைச்சலில் பாதி அமுங்கிப்போனது. இப்போது வேலை நாளெல்லாம் இப்படித்தான். அவர் ஒன்று அனுப்புவார், நான் சிவப்பில் கேட்டுவிட்டு ஒன்று சொல்வேன். சிவப்பு சீக்கிரம் மாறிவிட்டால் பாதியில் நிற்கும்.

கம்பெனியில் அவரை மறுபடி கேட்கப்போவது அடுத்த ஆவணியில். இப்போது நடப்பது ஐப்பசி. பேசி முடிக்கப் பத்து மாதம் இருக்கிறது.