எர்த்தக்கா

ஏரிக்கரையில் என் அக்காவை எர்த்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் இறந்த அன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய மீன்காரர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய உண்மையான பெயர் தெரியாது. கிண்டலாக வைத்த பெயர். வைத்தவர்களைவிட அவளுக்குத்தான் அது அதிகம் பிடித்திருந்தது.

அவள் லாரிகளுக்கு வயரிங் செய்பவள். மெயின் ரோட்டில் அப்பாவின் ஷெட். கல்யாணமாகி, என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்த பிறகும் காலையில் பஸ் பிடித்து அங்கே போய்க்கொண்டிருந்தாள். வயரின் தோலைப் பல்லால் உரித்தே முன்பல் ஒன்றில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சிரித்தால் தெரியும்.

எந்த லாரி வந்து நின்றாலும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "எர்த் இருக்கா?" லாரியில் பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போக மட்டும்தான் வயர் உண்டு. திரும்பி வர வயர் கிடையாது. கரண்ட் லாரியின் இரும்பு உடம்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். அதைத்தான் ஷெட்டில் எர்த் என்பார்கள். துரு ஏறி அந்தத் தொடர்பு விட்டால் விளக்கு மங்கும், ஹாரன் முனகும். வீட்டிலும் அவளுக்கு அதே பேச்சுதான். நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தால், "எர்த் விட்டுப்போச்சாடா?" என்று மண்டையில் ஒரு தட்டு விழும்.

மாமா, அதாவது அவள் கணவர், ஒற்றை ஆளாக ஒரு அலுமினியப் படகில் மீன் பிடிப்பவர். தூண்டில்களைப் பின்னால் விட்டுப் படகை மெதுவாக நடத்திக்கொண்டே போவார். ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்கும் ஏரி என்பதால் பெட்ரோல் இன்ஜின் கூடாது என்று ஒரு நாள் உத்தரவு வந்தது. மற்றவர்கள் துடுப்பை எடுத்தார்கள். மாமாவால் முடியவில்லை. அவருடைய வலது தோள் அதற்கு முன்பே போயிருந்தது. சட்டை மாட்டவே இடது கை வந்து உதவ வேண்டும்.

"கோடவுன்ல வாட்ச்மேன் வேலை இருக்காம்," என்றார் ஒரு நாள். "சும்மா உக்காந்து கேட்டைப் பாத்துக்கிட்டு இருந்தாப் போதுமாம்."

"நீங்க சும்மா உக்காந்திருப்பீங்களா? ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தாலே நல்லா இருக்கிற அலமாரியக் கழட்டிப் போட்டுர்றீங்க. கோடவுன் கேட்டு என்ன கதி ஆகும்?"

அடுத்த வாரம் பேட்டரியில் ஓடும் ஒரு மோட்டாரை அவள் பஸ்ஸிலேயே மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். மேலே தலை, நடுவில் நீளத் தண்டு, தண்ணீருக்குள் மூழ்கிச் சுழல அடியில் ஒரு விசிறி. மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"டேபிள் ஃபேனத் தலைகீழாப் புடிச்ச மாதிரி இருக்கு. இது என்னை இழுக்குமா?"

"நானே இத்தனை வருஷமா இழுக்கலையா?"

படகின் பின்பலகையில் ரப்பர் துண்டு வைத்து மோட்டாரை இறுக்கினாள். மாமா பின்னால் உட்காருவதால் எடை சமமாக இருக்க பேட்டரியை முன்னால் வைக்க வேண்டியிருந்தது. "ரெண்டும் வெயிட்டு. ரெண்டும் இருந்த இடத்தை விட்டு நகராது. ஆளுக்கொரு பக்கம் இருங்க," என்றாள். பேட்டரி ஓரமாக ஃபியூஸ் போட்டு, விரல் தடிமனுள்ள சிவப்பு வயரைப் படகின் உள்விளிம்பு நெடுகக் கிளிப் அடித்துப் பின்னால் கொண்டுபோனாள். படகுத் தகடு உராயும் இடங்களிலெல்லாம் ரப்பர் வளையம். பிறகு பேட்டரியிலிருந்து ஒரு சாண் கறுப்பு வயரை எடுத்து, பக்கத்தில் படகின் உடம்பைப் பளபளவென்று சுரண்டி, போல்ட் போட்டு முறுக்கினாள். பின்னால் மோட்டாரின் கறுப்பு வயரையும் அப்படியே படகின் அடித்தகட்டில் ஒரு போல்ட்டில் மாட்டினாள். யோசித்துச் செய்ததில்லை. வாசலில் இறங்கும்போது கால் தானாகச் செருப்பைத் தேடுமே, அப்படி.

மோட்டார் ஓடியது. படகு சத்தமே இல்லாமல் கரையை விட்டு நழுவியபோது மாமா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தோளை ஒரு தரம் உருட்டிக் காட்டினார்.

ஆனால் அந்தச் சத்தமின்மை அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பழைய இன்ஜின் தூரத்தில் வரும்போதே சமையலறைக்குக் கேட்கும். சோற்றை இறக்கி வைத்துவிட்டுக் கரைக்குப் போவாள். "இப்ப திருடன் மாதிரி வந்து நிக்கிறீங்க," என்றாள். அதிலிருந்து அவர் கரையை நெருங்கும்போது துடுப்புக் கட்டையால் படகின் பக்கத்தைத் தட்ட ஆரம்பித்தார். டங் டங் என்று தெரு முழுக்கக் கேட்கும்.

மழைக்காலம் முடிவதற்குள் மோட்டார் இளைத்தது. முதலில் எதிர்காற்றில் திணறியது. பிறகு காற்றில்லாமலே திணறியது. மாமா பேட்டரியைத் திட்டினார். அக்கா முனைகளைத் துடைத்து கிரீஸ் தடவினாள், சார்ஜ் ஏற்றி ஏற்றிப் பார்த்தாள். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் நடு ஏரியில் மோட்டார் அடங்கிவிட்டது. மாமா ஒற்றைக் கையால் துடுப்புப் போட, படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. காற்று தள்ளிக்கொண்டுபோய் மதகுக் கம்பியில் மோதவிருந்த படகைக் கயிறு போட்டு இழுத்து வந்தவர் பீப்பாய். வயிற்றைப் பார்த்து வைத்த பெயர்.

"கரண்ட் கட்டா மாப்ளே?" என்றார் பீப்பாய் கரையில் எல்லோர் முன்னாலும். "கம்பம் ஒண்ணு நட்டு லைன் இழுத்துட வேண்டியதுதானே?"

மாமா இழுத்து வந்த கயிற்றை அவிழ்த்து அவரிடம் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்து வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "படகைக் குடுத்துடலாம்," என்றார். "பீப்பாய் அவன் மருமகனுக்குக் கேக்கிறான். கோடவுன்காரனுக்கும் சொல்லி அனுப்பிட்டேன்."

அக்கா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "சரி. ஓடாததை ஓடுதுன்னு சொல்லிக் குடுக்கக் கூடாது. பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள்.

மறுநாள் காலை டெஸ்ட் லாம்ப்பை எடுத்துக்கொண்டு படகில் ஏறினாள். நானும் போனேன். சிவப்பு வயரில் எங்கே வைத்தாலும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கடைசியாகப் பின் போல்ட்டுக்கு வந்தாள். மங்கியது. போல்ட்டைக் கழற்றினாள். அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. ஸ்க்ரூ டிரைவரால் லேசாகச் சுரண்டியபோது முனை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. துளை வழியாக ஏரித் தண்ணீர் ஊறி அவள் பாதத்தை நனைத்தது.

அவள் வெகுநேரம் அந்தத் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"லாரி மழையில நனையும், வெயில்ல காஞ்சிரும்," என்றாள் கடைசியில். "இது காயவே இல்லையேடா."

வயரின் செம்பும் படகின் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் கரையும். தண்ணீரில் கிடக்கும் படகுக்கு உடம்பு வழியாகக் கரண்ட் விடவே கூடாது. எங்கள் ஷெட்டில் யாரும் அதை அறிய வேண்டி வந்ததில்லை.

அதற்குள் பீப்பாய் படகைப் பார்க்க வந்துவிட்டார். மாமாவும் கூடவே வந்தார். அக்கா எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தண்ணீர் வரும்.

"அண்ணே, இதை வாங்காதீங்க. ஓட்டை. ஓட்டை போட்டது நான்தான்."

"என்னம்மா சொல்றே?"

"படகுக்கு லாரி எர்த் அடிச்சு வச்சிருக்கேன். மோட்டார் மேல தப்பில்ல. பேட்டரி மேல தப்பில்ல. இவர் மேலயும் தப்பில்ல."

பீப்பாய்க்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏரிக்கே எர்த் குடுத்த எர்த்தக்கா," என்றார். பெயர் அப்போதே ஒட்டிக்கொண்டது. அக்காவும் சிரித்தாள், பல்லின் பள்ளம் தெரிய. மாமா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அவள் விரலுக்குப் பக்கத்தில் தன் இடக்கை விரலை வைத்தார். "நீ எந்திரி, நான் புடிச்சுக்கிறேன்," என்றார்.

படகைக் கரையேற்றிக் கவிழ்த்தார்கள். தன் வீட்டிலிருந்து அலுமினியத் தகடும் ரிவெட்டும் கொண்டுவந்து ஒட்டுப் போட்டதே பீப்பாய்தான். அக்கா இந்த முறை சிவப்பு வயருக்குப் பக்கத்திலேயே அதே தடிமனில் ஒரு கறுப்பு வயரை மோட்டாரிலிருந்து பேட்டரி வரை இழுத்தாள். பேட்டரிக்கு அடியில் மரப்பலகை. படகின் உடம்பில் ஒரு வயரும் தொடவில்லை. மாமா கிளிப்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கோடவுன் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. அந்த வயரிங்கில்தான் அவர் இத்தனை வருஷம் மீன் பிடித்தார்.

போன மாதம் அக்கா காய்ச்சல் என்று படுத்தாள். ரத்தத்தில் கோளாறு என்றார்கள். போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மாமா ஏரிப் பக்கமே போகவில்லை. வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். அலமாரியைக்கூடக் கழற்றவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோடவுன்காரர் துக்கம் கேட்க வந்தவர், போகும்போது, வாட்ச்மேன் வேலை மறுபடியும் காலியாகியிருக்கிறது என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை மாமா என்னை எழுப்பினார். "மாப்ளே, வா. ஒரு கை புடி." கரைக்குப் போனோம். படகின் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்தார். கறுப்பு வயரை முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு கிளிப்பாகத் தொட்டுக்கொண்டே போனார். மூட்டுகளில் அவள் சுற்றிய டேப் கொஞ்சமும் பிரியவில்லை. நான் பேட்டரியைத் தூக்கி வைத்தேன்.

பீப்பாய் கொஞ்சம் தள்ளி வலை உதறிக்கொண்டிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் பழக்கத்தில் கேட்டார்: "எர்த் பாத்தாச்சா மாப்ளே?"

"இதுல ஏதுடா எர்த்து," என்றார் மாமா. "அவதான் எடுத்துட்டாளே."

படகு சத்தமில்லாமல் போனது.

சாயங்காலம் நான் சமையலறையில் இருந்தேன். உலையை இறக்கத் துணி தேடிக்கொண்டிருந்தபோது கேட்டது, டங் டங் என்று. நடுவில் ஒரு தரம் நின்றது. பிறகு மறுபடியும் தட்டினார். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்குப் போனேன்.