சண்முகநதியில் விட்ட புண்ணியம்

பொன்னுத்தாய் இருபது வருடமாகச் சண்முகநதிப் படித்துறையில் பொரி விற்கிறாள். பக்கத்துத் தேங்காய் பழக் கடை என்னுடையது. மலையேறும் முன் குளிக்க வருகிறவர்கள் அவளிடம் ஒரு பொட்டலம் வாங்கி ஆற்றில் தூவுவார்கள். கெண்டையும் கெளுத்தியும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். பிள்ளைகள் கைதட்டும். அந்தக் கைதட்டலில்தான் அவள் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள். மீன் அவளுக்குப் படியளக்கிற சாமி. வீட்டில் மீன் குழம்பே கிடையாது.

அந்தப் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டவர் சேனாதிபதி. அடிவாரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் பெரிய மனிதர். லாட்ஜ் முகப்பில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் பாசி நக்க விட்டிருந்த டேங்க் கிளீனர் மீன்கள் முழங்கை நீளம் வளர்ந்து, தொட்டியில் இடம் போதாமல் போயிற்று. கொன்றால் பாவமாம். முருகன் ஊரில் உயிர்க்கொலையா, சிவ சிவா! ஒரு கார்த்திகை நட்சத்திரத்தன்று பக்கெட்டில் கொண்டுவந்து, என் கடையிலேயே தேங்காய் வாங்கி உடைத்து, கற்பூரம் காட்டி, ஆற்றில் விட்டார். போட்டோ வேறு. நானும் ஒரு கும்பிடு போட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

நாலே வருடம். ஒன்று நூறாகிவிட்டது. உடம்பெல்லாம் ஓடு, முதுகில் முள். வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைகிறது, மற்ற மீன் இட்ட முட்டையையும் பாசியோடு சேர்த்து வழித்துத் தின்கிறது. பொரியை ஏறெடுத்தும் பார்க்காது; துரை ஆற்றின் அடியிலேயே கிடப்பார். கெண்டை போயிற்று, கெளுத்தி போயிற்று. தூவிய பொரி நனைந்து கரையொதுங்குகிறது. "மீனே இல்லாத ஆத்துல பொரி விக்கிறியா?" என்று ஒருத்தி பொட்டலத்தைப் பொன்னுத்தாய் மடியிலேயே எறிந்துவிட்டுப் போனாள்.

போன வாரம் சேனாதிபதி, பேத்திக்கு மொட்டையடித்துக் கூட்டிவந்தார். பொரி வாங்கினார். குழந்தை தூவித் தூவிப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை.

"என்ன பொன்னுத்தாயி, பழைய பொரியா?" என்றாரே பார்க்கலாம்! கூச்சநாச்சமே இல்லாத மனிதர்.

வலைக்காரர்கள் வெறுத்துப்போய்க் கரையில் வீசிய அந்த ஓட்டு மீன்களில் ஒன்று விடியற்காலையிலிருந்து வெயிலில் கிடந்தது. அப்போதும் அதன் செவுள் ஆடிக்கொண்டிருந்தது. பொன்னுத்தாய் அதை முந்தானையால் பிடித்துத் தூக்கிவந்து அவர் காலடியில் போட்டாள்.

"நீங்க விட்ட புண்ணியந்தாங்க இது. பொரி திங்காது. வீட்டுக்கே கொண்டு போங்க."

சேனாதிபதி பதறிப்போனார். "ஏலே வேலப்பா, உசுரு கெடக்குலே! வெரசா எடுத்துத் தண்ணியில விடு, பாவம் புடிச்சுரும்!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார். இத்தனைக்குப் பிறகும்!

வேலப்பன் குனிந்தான். பொன்னுத்தாய் அவனைத் தள்ளிவிட்டு, என் கடையில் தேங்காய் உடைக்கிற கல்லைத் தூக்கினாள். இருபது வருடம் மீனுக்குத் தீனி போட்ட கையால் அதன் தலையில் போட்டாள். மூன்று முறை போட வேண்டியிருந்தது, ஓடு அப்படி.

"பாவம் எனக்கே வரட்டுங்க," என்றாள் அழுதுகொண்டே. "புண்ணியத்த நீங்க வச்சுக்கங்க."