கிறீச் நாற்காலிக்காரர்

சந்தேகப்படுவதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல பயிற்சி உண்டு. அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சாப்பிடும்போது அதைச் சொல்லிக்கொண்டே என் முகத்தையும் பார்ப்பார். அம்மா, கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த கடலையை வீட்டுத் தராசில் இன்னொரு முறை நிறுப்பவள். ஒன்பது வயதில் நான் இருவரையும் மிஞ்சியிருந்தேன். ஞாயிறு பள்ளியில் அற்புதங்களுக்கே சாட்சி கேட்டு, வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறேன்.

சந்தேகப்படத் தெரியாத ஒரே ஆள் அத்தை. அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். முப்பது தாண்டியும் கல்யாணம் அமையவில்லை. கோவில்பட்டியில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்து வந்தாள். சாயங்காலமானால் என்னை இழுத்துக்கொண்டு எங்கள் சபைக் கோவிலுக்குப் போவாள். அங்கே ஒரு பழைய பியானோ இருந்தது. கரிசல் காட்டு வெயிலுக்கு அதன் சுருதி நிற்காது. அந்த வருடம் அத்தை மதுரையிலிருந்து ஆளை வரவழைத்து அதைச் சரிசெய்ய வைத்தாள். அவள் வாசிப்பாள், நான் முதல் வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

எப்போதும் ஒரே பாட்டுதான். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் பியானோவுக்கென்று எழுதிவைத்தது. பன்னிரண்டு நிமிடம். அதை நாலு பேர் வாசித்த நாலு பதிவுகள் அத்தையின் போனில் இருந்தன. ஐந்தாவதாக ஒன்று, அதையே அறுபது எழுபது பேர் வயலினும் குழலும் வைத்துக்கொண்டு சேர்ந்து வாசித்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இயர்போனில் ஒன்று அவள் காதிலும் ஒன்று என் காதிலுமாகக் கேட்போம்.

"ஒரே எழுத்துத்தான், ஆளுக்கொரு மாதிரி வாசிக்காவ பாரு" என்பாள். "இந்த மெதுவா வார இடத்துல அடியில இன்னொரு பாட்டு ஓடுது. கூட்டமா வாசிக்கையில அத ஒரு பெரிய வயலின் தனியா வாசிக்கும். பியானோக்காரவிய நாலு பேருமே அத அமுக்கிடுதாவ. எனக்கு அது கேக்கணும்."

எனக்கு அது கேட்கவே இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, எது யாருடைய பதிவு என்று பத்து நொடியில் சொல்லிவிடுவேன். அத்தை பூரித்துப்போவாள். எனக்குச் சங்கீத ஞானம் வந்துவிட்டது என்று அப்பாவிடம்கூடச் சொன்னாள். நான் கண்டுபிடித்த வழியை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. முதல் பதிவில் யாரோ இருமுவார். இரண்டாமவர் வாசிக்கும்போது கூடவே முனகுவார். மூன்றாமவர் மெதுவான இடம் வந்ததும் சாய்ந்து உட்காருவார்போல, அவர் நாற்காலி கிறீச்சென்று ஒரு சத்தம் போடும். எந்தச் சத்தமும் இல்லாவிட்டால் அது நாலாவதாக வாசிக்கும் பெண். இருமல்காரர், முனகல்காரர், கிறீச் நாற்காலிக்காரர், சுத்தக்காரி. துப்பறிகிறவர்களுக்குப் பாட்டு எதற்கு?

அத்தையின் மனதில் இருந்தது மலைமேல் உள்ள ஓர் உறைவிடப் பள்ளி. அங்கே இசை ஆசிரியை வேலை, தங்க இடம், நல்ல பியானோ. வாசித்ததைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். வாசித்தது இவர்தான் என்று சபைப் போதகர் எழுதிக் கொடுத்த கடிதமும் கூட வர வேண்டும். தங்கை ஒற்றையாக மலையேறிப் போவதில் அப்பாவுக்கு அரை மனசுதான். ஆனால் வேண்டாமென்று சொல்ல அவரிடம் காரணம் எதுவும் இல்லை.

கடைசித் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது போதகர் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்து முடித்துப் பேனாவைத் திறந்தவர், மரியாதைக்குக் கொஞ்சம் கேட்கலாமே என்றார். அத்தை போனை மேசையில் வைத்தாள்.

"கடைசியில மட்டும் கொஞ்சம் வெட்டணும் ஐயா. கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்து வெட்டிட்டு அனுப்பிருவேன்."

"எதுக்கு வெட்டணும்?" என்றார் அப்பா. அது ரயிலில் கேட்கிற குரல்.

"அது ஒண்ணுமில்லண்ணே, சும்மா பேச்சுச் சத்தம்."

போனின் சின்ன ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. போதகர் கண்ணை மூடித் தலையாட்டினார். மெதுவான இடம் வந்தது. அப்போது தெளிவாக, கிறீச்.

எனக்குள் எழுந்த சந்தோஷத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு திருடனை நானே பிடித்துவிட்ட சந்தோஷம். "இது அத்த வாசிச்சது இல்ல. இது மூணாவது ஆளு" என்றேன்.

அப்பா கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார்.

"என்னட்டி சொல்லுத?"

"நாற்காலிச் சத்தம் வருதுல்லாப்பா. அவருக்குத்தான் அப்படி வரும். வேணும்னா அதப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார்கள். அதிலும் மெதுவான இடத்தில் கிறீச்சென்றது. அப்பா இரண்டையும் மாறி மாறி வைத்துக் கேட்டார். பியானோவை ஒருநாளும் காதுகொடுத்துக் கேட்டிராத அவருக்கு ஒரே பாட்டை இரண்டு பேர் வாசித்தால் எப்படித் தெரியும்?

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு" என்றார். பிறகு என்னிடம், "இவ பதிவு பண்ணையில நீ கூட இருந்தியா?"

அத்தை பியானோவின் மேல் தினமும் போனை வைப்பாள். அது எந்த நாள் பதிவு செய்தது, எந்த நாள் சும்மா கிடந்தது என்று எனக்குத் தெரியாது. "பதிவு பண்ணத நான் பாக்கல" என்றேன். அதில் பொய் இல்லை.

அப்பா அத்தையின் முகத்தைப் பார்த்தார். அது சிவந்துபோயிருந்தது. டிக்கெட் இல்லாதவர்களுக்கு அப்படித்தான் சிவக்கும் என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

"உண்மையச் சொல்லிரு பிள்ள" என்றார்.

அத்தை வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வெகுநேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  போதகர் சங்கடத்தோடு பேனாவை மூடினார்.

"ஒண்ணும் தப்பா நெனைக்காதம்மா. நாளைக்குக் கோவில்ல வந்து நேர்ல வாசிச்சுக் காட்டு. கையோட எழுதித் தாரேன்."

"வாசிச்சாச்சு ஐயா" என்று சொல்லிவிட்டு அத்தை போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவள் கோவிலுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. வாசிக்கத் தெரிந்திருந்தால் போய் வாசித்திருக்க மாட்டாளா என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பிறகு அத்தை கயத்தாற்றில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். என்னிடம் கோபப்பட்டதே இல்லை. இரவில் இயர்போனை மட்டும் என் பக்கம் நீட்டவில்லை.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் கிடந்த பழைய மெமரி கார்டுகளில் உள்ள போட்டோக்களை எடுத்துத் தரச் சொன்னார். அதில் ஒன்று அத்தையுடையது. போட்டோக்களுக்கு நடுவே அந்தப் பதிவும் இருந்தது. நல்ல இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். மெதுவான இடம் வந்தது. அடியில் இன்னொரு பாட்டு ஓடியது. அந்தப் பெரிய வயலின் பாட்டு, அமுங்காமல், தெளிவாக. நாலு பேர் பதிவிலும் இல்லாத ஒன்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று மேசையிலும் இதுதானே ஓடியது, நான் நாற்காலிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

கிறீச் சத்தமும் வந்தது. அன்று அப்பா நிறுத்திய இடத்தைத் தாண்டிப் பாட்டு ஓடியது. இன்னும் நாலு நிமிடம். கடைசிச் சுரம் அடங்கியது. வெட்ட வேண்டும் என்று அத்தை சொன்ன பகுதி வந்தது.

"ஏட்டி, பெஞ்சுல காலாட்டாதன்னு எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்? கிறீச்சு கிறீச்சுங்குது."

அதற்குப் பதிலாக ஒரு சின்னக் குரல், "முடிஞ்சிட்டா அத்தே, வீட்டுக்குப் போவமா?"

அது நான்.

அன்றைக்கு மேசைமேல் அந்தப் போன் அத்தையின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நாலு நிமிடம் ஓடவிட்டிருந்தால் போதும். அவள் அதைத் தொடாமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுசாகக் கேட்டுவிடுவோம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்வாரா என்று பார்த்தாள். நானோ, பிடிபட்டவர்கள் அப்படித்தான் பேசாமல் இருப்பார்கள் என்று அவள் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன்.