எங்கள் இருவர் பெயரில் ஏழு பக்கம்

சென்னையிலிருந்து அந்த வக்கீல் பேசியபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம். விருதுநகரில் நான் குடியிருப்பது ஒரு பருப்புக் கிட்டங்கியின் மாடியில். விடுமுறை நாளில் கீழே மூட்டை இறக்குகிறவர்களும் வரமாட்டார்கள். எனக்கு போன் செய்கிறவர்கள் கல்லூரி அலுவலகத்துக்காரர்கள், இல்லாவிட்டால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர். முன்பின் தெரியாத ஒருவர் என் பெயரை முழுதாகச் சொல்லி, பதினெட்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய கட்டுரையின் தலைப்பையும் சொன்னதும் ஏதோ ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன்.

"அந்தக் கட்டுரையோட அச்சுப் பிரதி உங்ககிட்ட இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். வீடு மாறியபோது இரண்டு பெட்டி கரையான் அரித்துப் போயிற்று. அதுவும் அதில் இருந்தது.

அவர் விஷயத்தைச் சொன்னார். கோயம்புத்தூரில் ஒரு சிறிய கம்பெனி, குறைந்த விலையில் காது கேட்கும் கருவி செய்கிறது. பேச்சிலிருந்து இரைச்சலைப் பிரித்து நீக்கும் ஒரு முறைக்கு வேறொரு பெரிய கம்பெனி பேட்டன்ட் வாங்கிவிட்டது. அந்த பேட்டன்ட் செல்லுமென்றால் சிறிய கம்பெனி தன் கருவியை நிறுத்த வேண்டும். செல்லாது என்று காட்ட, அதே முறையை அதற்கு முன்பே யாராவது எழுதி வெளியிட்டிருக்கிறார்களா என்று தேடியிருக்கிறார்கள். எங்கள் கல்லூரி வெப்சைட்டில், ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகளின் பட்டியலில், என் தலைப்பு அகப்பட்டிருக்கிறது.

"தலைப்பு மட்டும்தான் கெடச்சுது. ஆட்சேபணை போட இன்னும் ஆறு வாரம்தான் டைம் இருக்கு" என்றார்.

பேட்டன்டை மெயிலில் அனுப்பினார். தெருமுனைக் கடையில் அச்சு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில், ஒரே ஒரு பெயர் இருந்தது. அவளுடைய பெயர்.

தோழி என்று சொல்ல எனக்கு அவள் ஒருத்திதான். ஊர் ஆமத்தூர். நான் பௌதிகத் துறையில் சேர்ந்த அதே வாரம் அவள் கணினித் துறையில் சேர்ந்தாள். சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் சாலையில் எங்கள் கல்லூரி. சோற்றைப் பங்குபோட்டுத் தின்றோம். ஒரே பஸ்ஸில் திரும்பினோம். பார்வையில்லாத பிள்ளைகள் சிலர் அந்த வருடம் கல்லூரியில் சேர்ந்தார்கள். அவர்களுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது என்று இரண்டு பேரும் ஆரம்பித்தோம். நான் வாசிப்பேன், அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள்.

அறைக்குள் மின்விசிறி, வெளியே ஜெனரேட்டர். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே நான் மூச்சு விடும் இடைவெளியில் இருக்கும் சத்தத்தைக் கம்ப்யூட்டர் தெரிந்துகொண்டு, மற்ற இடங்களிலிருந்து அதைக் கழிக்கும்படி அவள் ஒரு புரோகிராம் எழுதினாள். அது ஓரளவு வேலை செய்தது. ஆனால் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடியைச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு வெடிச்சத்தம் என் இடைவெளியில் விழுந்துவிட்டால் போதும், அதுவும் எப்போதும் இருக்கும் இரைச்சல்தான் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு அடுத்த நாலைந்து வார்த்தையைச் சேர்த்துத் தின்றுவிடும். திடீரென்று ஒரு சத்தம் எழுந்தால், அது அடங்கும் வரை எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ளாமல் பழைய கணக்கையே வைத்துக்கொள்ளச் செய்தோம். எங்கள் கட்டுரை அவ்வளவுதான். இருவர் பெயரில் ஏழு பக்கம். கல்லூரிக் கருத்தரங்கில் வாசித்தோம். காலண்டர் சீசன் முடிந்து மெஷின் ஓய்ந்திருந்த நாட்களில் சிவகாசி அச்சகம் ஒன்று அந்தத் தொகுப்பை அடித்துக் கொடுத்தது.

இரண்டு வருடம் கழித்து அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். முதலில் வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒன்று, பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு படம். நட்சத்திரமும் குடிலும் போட்ட படம், எல்லோருக்கும் அனுப்புகிற படம்.

பேட்டன்டில் எது தங்களுக்கே உரியது என்று சொல்லும் முதல் கோரிக்கையை நான் மூன்று தடவை படித்தேன். ஆங்கிலம் வேறு மாதிரி இருந்தது. சொன்ன சங்கதி எங்கள் ஐந்தாம் பக்கம்.

வக்கீலுக்குப் பதில் சொல்வதற்கு முன் அவளிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து கூப்பிட்டேன்.

"ஏ பிள்ள! உயிரோடதான் இருக்கியா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறவேயில்லை. கொஞ்ச நேரம் அம்மாவின் சாவு, அண்ணன் பிள்ளைகள் படிப்பு என்று பேச்சு போனது. பிறகு நான் பேட்டன்டைச் சொன்னேன்.

"கம்பெனில, இதுவரைக்கும் செஞ்ச வேலையெல்லாம் எழுதிக் குடுன்னாக. எழுதிக் குடுத்தேன்" என்றாள். "எங்கயும் வெளிவந்திருக்கான்னு கேட்டாக. ஒரு காலேஜ் கருத்தரங்குத் தொகுப்பு. அதை எவ படிச்சா? நமக்கு யாராச்சும் ஒரு வரி எழுதுனாகளா? அதான் இல்லைனுட்டேன்."

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அந்த யோசனை என்னுது பிள்ள. வெடிச் சத்தத்தை அது காதுலயே போட்டுக்கிடக் கூடாதுன்னு நான்தானே சொன்னேன்?"

நான் சொன்னதாகத்தான் என் ஞாபகம். ஆனால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்த அறையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும். கேட்டுச் சொல்ல மூன்றாம் ஆள் கிடையாது.

"இப்ப என்ன செய்யப் போற?" என்றாள்.

"தெரியல."

"உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் வக்கீலைக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார். யோசனை யாருடையது என்று எனக்கு நிச்சயமில்லை, அதனால் நான் சாட்சி சொல்வது சரியா என்று கேட்டேன்.

"யார் யோசிச்சாங்கங்கிறது இங்க கேள்வியே இல்ல மேடம்" என்றார். "அது ஊருக்கே தெரியற மாதிரி முன்னாடியே அச்சில் வந்துச்சா, இல்லையா? அவ்வளவுதான். வந்திருந்தா அது எல்லாருக்கும் பொது. உங்களுக்கும் சொந்தமில்ல, அவங்களுக்கும் சொந்தமில்ல."

அது எனக்குப் பிடித்திருந்தது. பிரதியைத் தேடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

கல்லூரி நூலகத்தில் பழைய தொகுப்புகளை எடைக்குப் போட்டு வருடங்கள் ஆகியிருந்தன. சிவகாசி அச்சகத்தில் இப்போது பழைய முதலாளியின் மகன் உட்கார்ந்திருந்தார். "அம்புட்டுப் பழசு இங்கன எதுவும் இல்லைங்க டீச்சர். பட்டாசு லேபிள் வேணும்னா தேடித் தாறேன்" என்றார். கருத்தரங்குக்கு ஆட்கள் வந்திருந்த ஊர்களையெல்லாம் யோசித்து, கடைசியில் விருதுநகரிலேயே, கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டருக்கு எழுபது வயதிருக்கும்.

"நாங்க எதையும் கழிச்சுக் கட்டுறதில்ல டீச்சர். இடந்தான் பத்தல. உள்ள வாங்க" என்று ஏணியைக் காட்டினார்.

மேல்தட்டில், நீல அட்டையில், இருந்தது. உள்ளே முத்திரையும் வந்துசேர்ந்த தேதியும். சிஸ்டர் பதிவேட்டைப் புரட்டி அதே தேதியில் அந்த வரியைக் காட்டினார். பின்னட்டையில், எடுத்துச் சென்றவர் பெயர் எழுத ஒட்டிய தாள் இருந்தது. அதில் ஒரு பெயர்கூட இல்லை. அவள் சொன்னது உண்மைதான், யாருமே படிக்கவில்லை. நின்றபடியே ஏழு பக்கத்தையும் படித்தேன். இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன.

"எடுத்துட்டுப் போகணுமா?" என்றார் சிஸ்டர்.

"நகல் போதும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுத் தரணும், இது இங்கேயே இருந்துச்சு, யாரு வேணா வந்து பாத்திருக்கலாம்னு."

"அது நெசந்தானே" என்று போட்டுக் கொடுத்தார்.

வெற்றுத் தாளைப் பற்றி வக்கீலிடம் கவலையோடு சொன்னேன். படித்தார்களா என்பது பொருட்டல்ல, படித்திருக்க முடிந்ததா என்பதே போதும் என்றார். சூலக்கரையில் ஒரு நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். எழுதியவர்கள் இருவர் என்றும், யோசனை யாருடையது என்று எனக்கு நினைவில்லை என்றும் அதில் சேர்க்கச் சொன்னேன். தேவையில்லை என்றார் வக்கீல். இல்லாவிட்டால் கையெழுத்திட மாட்டேன் என்றதும் சேர்த்தார்.

விசாரணை, பல மாதம் கழித்து, வீடியோவில் நடந்தது. லீவு போட்டு வீட்டிலிருந்து பார்த்தேன். அவள் பக்கத்து வக்கீல், ஒரு சிற்றூர்ப் பள்ளியின் அலமாரி உலகத்துக்குத் தெரிந்த இடமாகாது என்று நெடுநேரம் வாதாடினார். திரையின் மூலையில் ஒரு சிறிய கட்டத்தில் அவள் இருந்தாள். முடி நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். மூன்று மணி நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கட்டத்தைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரிய வழியில்லை.

முதல் கோரிக்கை நீக்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட சிப்பில் அதைச் செய்யும் விதத்தைச் சொன்ன இரண்டு சிறிய கோரிக்கைகள் மட்டும் நின்றன. கோயம்புத்தூர்க் கம்பெனி தன் கருவியைத் தொடர்ந்து விற்கலாம். வக்கீல் வாழ்த்துச் சொன்னபோது நான் துறை அறையில் இருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னேன். "அப்ப ட்ரீட் உண்டு" என்றுவிட்டு வகுப்புக்குப் போனார். வேறு யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். சொல்லத் தோன்றிய ஒரே ஆள் அவள்தான்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் படம் வரவில்லை. நானும் அனுப்பவில்லை.

தை முடிந்து அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அண்ணன் பெயரில் வந்தது. ஆமத்தூருக்குப் போனேன். பந்தியில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினால் அவள்.

"சோறு வையிங்க இங்கன" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் இலையைக் காட்டினாள். சாம்பார் வந்தது.

"என்னைய வேற பிரிவுக்கு மாத்திட்டாக" என்றாள் பிறகு. "பரவால்ல. சும்மா சொல்லுதேன்."

"நான் வேணும்னு..."

"நீ பொய் சொல்லலயே பிள்ள. நானும் வெளிவரவே இல்லைன்னு சொல்லியிருக்கக் கூடாது." ரசத்தைப் பிசைந்தாள். "நெசமாவே உனக்கு ஞாபகம் இல்லையா, யாரு சொன்னதுன்னு?"

"இல்ல."

"எனக்கும் இப்ப இல்ல" என்றாள்.

போட்டோ எடுக்க அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இந்தா வாறேன் என்று கையைக் கழுவிவிட்டுப் போனாள். பந்தலில் ஒரு நாற்காலியில் காத்திருந்தேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாக ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு படத்திலும் அவளை நிறுத்திவைத்தார்கள். நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்ததும் எழுந்தேன். மேடையிலிருந்து அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். போகிறாயா என்று கேட்டதா, இரு என்று சொன்னதா என்று தெரியவில்லை. நானும் கையை ஆட்டினேன்.

சிவகாசியிலிருந்து வந்த பஸ்ஸில் வேலை முடிந்து திரும்பும் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். "கல்யாணமா? சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அவள் மறுபடி தன் கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள். விருதுநகர் வரும் வரை நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.