கருவாட்டு வாடிக்குப் பின்னால் இருந்தவர்கள்

தலைமன்னாருக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கரையோரக் கிராமத்துக்கு விவரத்திரட்டு தயாரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அங்கே யார் யார் இருக்கிறார்கள், என்ன தொழில், என்ன சமயம், எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். அதை வைத்துத்தான் குழாய்த் தண்ணீர் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை வரை போகும் என்று முடிவு செய்வார்கள். நான் தோட்டவெளி என்ற பக்கத்து ஊர்க் கத்தோலிக்கப் பெண், அப்பா கடல்தொழில் செய்தவர்; அந்த ஊராரும் அப்படித்தான். அதனால் போன வீடெல்லாம் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணீர் தந்தார்கள்.

ஊரின் கடைசியில், மீன் உலர்த்திக் கருவாடு போடும் வாடி இருந்தது. அதற்கும் பின்னால் ஒரு வரிசைத் தகரக் கொட்டில்கள். மலைநாட்டில் கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து, பிறகு போருக்குப் பயந்து இந்தக் கரைக்கு வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. வாடியில் மீன் வெட்டிக் குடலெடுத்து உப்புப் போடுவது அந்தப் பெண்கள்தான். அந்தக் குடலையும் செதிலையும் வாடிக்காரர்கள் அந்தப் பெண்களுடைய வீடுகளின் பின்பக்கத்திலேயே கொட்டியிருந்தார்கள். முதல்நாள் போனபோது எனக்குக் குமட்டியது. சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“மூடிக்கங்க மிஸ், நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம். மழை பேஞ்சா எங்களுக்கே சோறு எறங்காது” என்றார் முதல் வீட்டுப் பெண். உப்பு தின்று வெடித்த கைகள். தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“சங்கத் தலைவர் வீட்டுக் கெணத்துல. மத்தவங்க எல்லாம் அள்ளுன பொறகு. வாளிய நாங்க தொடக்கூடாது. அவங்க வீட்டாளு தூக்கி ஊத்தும்.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடம்பு கூசியது.

சங்கத் தலைவர் என்பவர் மீனவர் சங்கத்துக்குத் தலைவர். வாடியும் அவருடையதுதான். அவருடைய விறாந்தையில் திரு இருதயப் படத்துக்குக் கீழே சிவப்பு பல்ப் எரிந்தது. மீசை முளைத்த மகன் கொண்டுவந்து வைத்த கேக் துண்டை என் பக்கம் தள்ளினார்.

“அவையை ஏன் பிள்ளை எழுதுறீர்? வாடியில வேலை செய்யிறவை. இண்டைக்கு இருப்பினம், நாளைக்குப் போயிடுவினம்.”

“உங்கட மகன் பிறக்க முதலே வந்திட்டினமாம், ஐயா.”

“அதுக்கு? நீர் தோட்டவெளிப் பிள்ளைதானே. உமக்கு நான் விளங்கப்படுத்த வேணுமோ?”

அந்தக் கிணற்றுக் கதையைவிட என்னைத் தன் ஆளாக நினைத்து அவர் சிரித்த சிரிப்புத்தான் எனக்கு அதிகம் அருவருத்தது. கேக்கைத் தொடாமல் எழும்பினேன்.

நான் கொட்டில் வரிசையை முழுதாக எழுதிக் கொடுத்தேன். மன்னார்க் கந்தோரில் எனக்கு மேலே இருந்த பொறுப்பாளர் அதை வெட்டிவிட்டு, ‘தற்காலிகத் தொழிலாளர் சிலர்’ என்று ஒரு வரி போட்டார். “ஊர்ப் பிரச்சினையில தலையிடாதேங்கோ” என்றார். அப்படியென்றால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். தலை நிமிராமலே “சரி” என்றார்.

விவரத்திரட்டை ஊர் மண்டபத்தில் திரைபோட்டு, ஊர்ப் படத்தோடு காட்டினார்கள். வந்தவர்களுக்குப் பொரித்த பற்றிஸும் கொடுத்தார்கள். கொட்டில் வரிசையின் முதல் வீட்டுப் பெண் தலைக்குக் குளித்து, நல்ல சீலை கட்டி, பக்கத்து வீட்டுக்காரிகளோடு வாசலில் வந்து நின்றார். கிட்ட இருந்தவர்கள் கதிரைகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். தலைவர் எழும்பி, “எங்கட ஊர் ஒரே குடும்பம்” என்றார். கைதட்டினார்கள்.

“ஐயா, எங்க வரிசை அந்தப் படத்துல எங்க இருக்கு?” என்று வாசலிலிருந்து அந்தப் பெண் கேட்டார்.

யாரோ சிரித்தார்கள். “பிறகு பாப்பம் அம்மா” என்றார் பொறுப்பாளர். நான் எழுந்து நின்று, “நான் எழுதிக் குடுத்தனான். கந்தோர்க்காரர்தான் வெட்டினவை” என்றேன்.

“பிள்ளை, இருந்து பற்றிஸ் சாப்பிடும்” என்றார் தலைவர். மண்டபமே சிரித்தது. உண்மையாகவே வாயில் எண்ணெயோடு சிரித்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து கொட்டில் வரிசையிலிருந்து ஒருவரும் வாடிக்குப் போகவில்லை. சூடை மீன் அள்ளிக்கொண்டு வந்த காலம் அது. வாடியில் மூடிப்போட்ட படங்குக்குக் கீழே மீன் மலைபோலக் கிடந்தது. ஊர்ப் பெண்கள் ஒருவரும் கை வைக்கவில்லை. “அது அவையின்ர வேலை” என்றார்கள். நாலாம் நாள் கேள்விப்பட்டு நான் போனபோது மீன் வயிறு வெடித்துப் புழுத்திருந்தது. வெயிலில் அது உருகி ஒழுங்கை வழியே ஓடியது. ஊரார் யன்னல்களைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். மூக்கைப் பொத்தியபடி போகும் அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு வெறுப்பான சந்தோசம் வந்தது.

கடைசியில் தலைவரே, கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டு, கொட்டில் வாசலுக்கு வந்தார். “வேலைக்கு வாங்கோ. என்ன வேணும், சொல்லுங்கோ” என்றார். அதுவரை அந்தப் பெண்களை அவர் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதே இல்லையாம்.

“கொழா வேணும். இந்தக் குப்பைய இங்க கொட்டக்கூடாது” என்றார் அந்தப் பெண்.

தலைவர் கந்தோருக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னார்; கொட்டில் வரிசைக்குக் குழாய் வந்தது. கழிவை இப்போது தூரக் கொண்டுபோய்க் குழி வெட்டித் தாழ்க்கிறார்கள். விவரத்திரட்டு மட்டும் மாறவில்லை. கந்தோர் அலுமாரியில் அந்த ஒரு வரியோடேயே இருக்கிறது.

சில மாதங்கள் கழித்துக் கொழும்பிலிருந்து தண்ணீர்த் திட்டத்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். நானும் நின்றேன். தலைவர் அந்தக் குழாயைத் திறந்து காட்டி, “இந்தச் சனத்துக்காக நான்தான் போராடி எடுத்துக் குடுத்தனான்” என்றார். வந்தவர்கள் அவரைப் படம் எடுத்தார்கள். அந்தப் பெண் குடத்தோடு பின்னால் காத்துக்கொண்டு நின்றார். நான் வேலியோரம் போய் மண்ணில் காறித் துப்பினேன்.