பாரமான விசை

என் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் டிக்கெட்டைச் சுருட்டும். போனில் பேசினால் வயரை முறுக்கும். கோயிலில் கண்ணை மூடி நின்றாலும் சேலைத் தலைப்பில் ஒரு நூலைத் தேடிப் பிடித்து உருவிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட கைகள் வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளைப் பிடித்தபோதுதான் அடங்கின. அது கைத்துப்பாக்கி என்பதை இப்போது சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. நான் கவிதை எழுதுகிறவள், சத்தமாகக் கதவைச் சாத்தினாலே திட்டுகிறவள்.

மலேசியாவிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் கட்டடத்தின் நிலவறையில், பழைய கோப்புகளுக்கு அப்பால், குறி பார்த்துச் சுடுவதற்கென்று நீளமாக ஒரு கூடம் இருந்தது. மதிய இடைவேளையில் ஊழியர்கள் போய்ச் சுடுவார்கள். தட்டச்சுப் பிரிவின் தலைவி, தோள் அகன்ற ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, எல்லோரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு ஜனவரி மதியம் என் விறைத்த விரல்களைப் பார்த்துவிட்டு, “கீழே வா லவ், அங்கே ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது” என்றார். ஹீட்டருக்காகப் போனேன். சின்னத் துப்பாக்கி ஒன்றைக் கையில் வைத்தார். கை நீட்டினேன். மூச்சு பாதி வெளியே போய் நின்றது. அந்த இடத்தில், எனக்கே அதிசயம், விரல் பத்தும் ஊமையாயின. தூரத்தில் ஒரு காகிதம். அதன் நடுவில் ஒரு கறுப்பு வட்டம். உலகத்தில் வேறெதுவும் இல்லை.

இவரை அதற்குப் பிறகுதான் சந்தித்தேன். மோர்டனில் ஒரு பிறந்தநாள் வீட்டில், நாற்பது பேருக்கு ஒற்றை ஆளாய் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மர உரலின் இரண்டு பிடிகளையும் சேர்த்து அமுக்கிக்கொண்டே, “நீங்கள் மலேசியாவோ? அங்கையும் இடியப்பத்துக்குச் சீனி போட்டுத்தான் சாப்பிடுறவையளோ?” என்று கேட்டார், ஏதோ குற்றம் விசாரிப்பது போல. “ஆமா, சீனியும் தேங்காப்பூவும்” என்றேன். “கடவுளே” என்றார். ஆறு மாதத்தில் கல்யாணம்.

வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் நான் நிலவறைக்குச் சுடப் போகிறேன் என்பது இவருக்குத் தெரியும். தடுக்கவில்லை. கேட்கவும் இல்லை. எத்தனை புள்ளி, எந்தப் போட்டி, ஒன்றும். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது சமையலறையிலிருந்து குரல் மட்டும் வரும்:

“குளிச்சிட்டு வாரும்.”

கரிந்த வெடிமருந்தின் மணம் என் தலைமயிரில் இருக்கும். எனக்கு அது பண்டிகை நாளின் வாசனை. இவருக்கு என்ன என்று நான் கேட்டதில்லை. செத்தவீட்டுக்குப் போய் வந்தவளைப் போல நேரே குளியலறைக்குப் போவேன், தலைக்குத் தண்ணீர் வார்ப்பேன், பிறகுதான் சாப்பாடு. எங்கள் வீட்டில் வியாழக்கிழமை அப்படித்தான் இருந்தது, வருஷக்கணக்காக.

தொண்ணூறுகளில் அலுவலகம் இடம் மாறியது, நிலவறைக் கூடம் மூடப்பட்டது. தலைவியும் நானும் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், ரயில்பாதையைத் தாங்கும் செங்கல் வளைவுக்குக் கீழே இருந்த ஒரு துப்பாக்கி கிளப்பில் சேர்ந்தோம். மேலே ரயில் போகும்போது கூரையிலிருந்து தூசி இறங்கும். எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ரயில் போகக் காத்திருப்போம். அங்கேதான் தலைவி ஒரு நாள், “எத்தனை காலம் கிளப்பின் இரவல் துப்பாக்கி, லவ்? உனக்கென்று ஒன்று வாங்கு” என்றார்.

எனக்கும் ஆசைதான். பேராசை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அப்படி வாங்குவதென்றால் வீட்டில் இரும்பு அலமாரி வைத்துச் சுவரோடு போல்ட் போட்டு முறுக்க வேண்டும். போலீஸ்காரர் வந்து பார்ப்பார். செவன் கிங்ஸில் எங்களுடையது இரண்டு அறை வீடு. மறைக்க இடமில்லை, மறைக்கும் எண்ணமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. இவர் மாவைக் குழைத்து உரலில் அடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

உரல் நின்றது. “துவக்கோ? வீட்டுக்கையோ?”

“பூட்டித்தான் இருக்கும். சாவி என்கிட்ட. நீங்க வேணாம்னா வேணாம், அத்தோட விட்டுடறேன்.”

“அப்பிடிச் சொல்லாதேயும். அப்பிடிச் சொன்னீரெண்டால் நான் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவன்.”

மறுபடி பிழிய ஆரம்பித்தார். ஒரு தட்டு, இரண்டு தட்டு. பிறகு, “வாங்க முதல் நான் ஒருக்கா வந்து பாக்கிறன்” என்றார். பத்து வருஷத்தில் அது முதல் தடவை.

அந்தச் சனிக்கிழமை தலைவி எனக்காக இரண்டு துப்பாக்கிகளை வரவழைத்திருந்தார். பச்சைத் துணி விரித்த மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று ஆஸ்திரியாவில் செய்தது, மற்றது அமெரிக்காவில். தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் உடம்பு பிளாஸ்டிக், தலைமட்டும் இரும்பு. பழைய துப்பாக்கிகளின் முதுகில் தெரியும் அந்தச் சின்னச் சுத்தியல் இரண்டிலும் கிடையாது. சுடும் ஊசி உள்ளேயே, சுருள்வில்லின் பிடியில் ஒளிந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மனுஷரில் சிலர் அப்படி.

கண்ணுக்குத்தான் இரட்டை. கைக்கு இல்லை.

ஆஸ்திரியாக்காரன் சதுரம். சவர்க்காரக் கட்டியைப் புதிதாக உறை பிரித்துப் பிடிப்பது போல உள்ளங்கையில் மூலைகள் தெரிந்தன. கண்ணை மூடிக் கையை நீட்டிக் கண்ணைத் திறந்தால் முனை கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது, திமிரோடு. மணிக்கட்டைத் தாழ்த்தித் திருத்த வேண்டியிருந்தது. ஆனால் அதன் விசை! ஒரு சின்ன நெகிழ்வு, பிறகு ஒரு சுவர், அந்தச் சுவரில் விரலை வைத்தேன் என்பதற்குள் டக். கண்ணாடிக் குச்சி ஒடிவது போல. மேல்பகுதியை இழுத்துவிட்டு விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் அடுத்ததற்குத் தயார்.

அமெரிக்கக்காரிக்கு (எனக்கு அது பெண்ணாகத்தான் தோன்றியது) பிடி ஒல்லி. என் சின்னக் கைக்கென்றே வளைத்தது போல, பெருவிரலின் அடிச்சதை போய் உட்கார ஒரு பள்ளம். கண்ணை மூடி நீட்டித் திறந்தால் நேரே நின்றாள். இவளோடு ஒரு மணி நேரம் கைகோத்து நடக்கலாம் என்றிருந்தது. ஆனால் விசை? பாரம். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. எங்கே விடும் என்று தெரியாது. இப்போதா? இல்லை. இப்போதா? இன்னும் இல்லை. இதற்குள் என் கை அலுத்து முனை ஆடத் தொடங்கிவிடும்.

பிடிக்கச் சுகமானது அமுக்கக் கஷ்டம், அமுக்கச் சுகமானது பிடிக்கக் கஷ்டம். இரண்டையும் ஒன்றாக்கிச் செய்ய ஒருத்தனுக்கும் தோன்றவில்லையா என்று தலைவியிடம் கேட்டேன். “அப்படி ஒன்று இருந்தால் நான் அதைக் கல்யாணம் செய்திருப்பேன், லவ்” என்றார்.

சுட்டுப் பார்த்தேன். ஆஸ்திரியாக்காரன் துள்ளினான், துள்ளிய வேகத்தில் அதே இடத்துக்கு இறங்கினான். காகிதத்தில் ஓட்டைகள் நெருக்கமாக, மல்லிகை மொட்டுச் சரம்போல விழுந்தன. அமெரிக்கக்காரி மெதுவாகத் தள்ளினாள், ஆனால் ஓட்டைகள் கோழி கிளறிய முற்றம். தலைவி காகிதங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். யோசிக்க ஒன்றுமில்லை, முதலாவதுதான். எனக்குள்ளும் அப்படியே முடிவாகிவிட்டது. சந்தோஷத்தோடு திரும்பிப் பார்த்தேன்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இவர் நின்றுகொண்டிருந்தார். காதுக்கு மேல் பெரிய சிவப்பு மூடி. யாரோ பக்கத்து வரிசையில் சுட்டார்கள். இவர் தோள் தூக்கிப் போட்டது. மறுபடி ஒன்று. மறுபடி தோள். முகத்தில் ஒரு புன்னகையை ஒட்டி வைத்திருந்தார், நான் திரும்பினால் காட்டுவதற்காக. இவ்வளவு நேரமும், என் ஒவ்வொரு குண்டுக்கும், அந்தத் தோள் இப்படித்தானே போயிருக்கும்?

துப்பாக்கியை வெறுமையாக்கி மேசையில் வைத்தேன். வெளியே வந்து, “போகலாங்க” என்றேன். “வேணாம். கிளப் துப்பாக்கியே போதும் எனக்கு.”

இவர் கேட்காதது போல என்னைத் தாண்டித் தலைவியைப் பார்த்தார். தன் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, குண்டு இல்லாமல் தான் ஒருமுறை பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

வரிசைகள் ஓய்ந்த நேரத்தில் தலைவி இரண்டையும் திறந்து உள்ளே வெறுமை என்பதைக் காட்டினார். இவர் கையில் எடுக்கவில்லை. குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார், பிடியின் சொரசொரப்பைச் சுட்டுவிரலால் தொட்டார்.

“நான் இதுகளின்ரை முன்பக்கத்தைத்தான் கண்டிருக்கிறன்” என்றார் என்னிடம். “பின்பக்கம் இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

பிறகு முதலாவதை எடுத்தார். காகிதத்தை நோக்கி நீட்டச் சொன்னார் தலைவி. நீட்டினார். விசையைத் தொட்டார், அவ்வளவுதான், டக். இவர் கையைச் சுட்டுக்கொண்டவர் போலத் திடுக்கிட்டார்.

“உடனை விடுது.”

“ஆமா, அதுதான் நல்லது” என்றேன்.

இரண்டாவதை எடுத்தார். தலைவி மேல்பகுதியை இழுத்து விட்டுக் கொடுத்தார். இவர் அமுக்கினார். எனக்குத் தெரிந்த அமுக்கல் அது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளின் அமுக்கல். வெட்டாமல், நெரிக்காமல், முழுக்கையும் ஒரே சீராக. விசை வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. டக். முனை அசையவில்லை.

“இன்னொருக்கா” என்றார். தலைவி இழுத்துக் கொடுத்தார். இன்னொரு முறை. இன்னொரு முறை. தலைவி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

“சைக்கிளிலை போனனான்” என்றார். எதைப் பற்றி என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. “சந்தியிலை ஆமிச் சென்ரி. ஒரு பொடியன், என்னைவிடச் சின்னவன். இடக்கையாலை என்ரை ஐடென்டிற்றிக் கார்டை வாங்கினவன். வலக்கையிலை துவக்கு, என்ரை நெஞ்சுக்கு நேரை. நான் அவன்ரை முகத்தைப் பாக்கேல்லை. விரலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். விசையிலை வைச்சிருந்தவன். நடுங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கும் பயம்.”

மேலே ரயில் போனது. தூசி இறங்கியது. போய் முடியும்வரை காத்திருந்தோம்.

“எவ்வளவு நேரம் அப்பிடி நிண்டனெண்டு தெரியாது. பிறகு கார்டைத் தந்து போ எண்டான்.” கையிலிருந்ததை மெதுவாக மேசையில் வைத்தார். “அவன்ரை கையிலை இருந்தது இப்பிடிப் பாரமானதாத்தான் இருந்திருக்கும். மற்றதெண்டால் நான் இஞ்சை வந்திருக்கமாட்டன்.”

சும்மா இருக்கத் தெரியாத என் கைகள் இவர் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தன.

தலைவிக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் முடிக்கும்வரை துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். “சரி லவ், எதை எடுக்கிறாய்?”

இரண்டாவதைக் காட்டினேன்.

“உனக்கென்ன பைத்தியமா? விசை இல்லை அது, மாட்டு வண்டி. அதை வைத்துக்கொண்டு ஒரு கோப்பையும் நீ வெல்லப் போவதில்லை.”

“தெரியும்” என்றேன்.

அலமாரியைச் சுவரில் மாட்டியது இவர்தான். மாடிப்படிக்குக் கீழே, குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால், அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை துளை போட்டார். பார்க்க வந்த போலீஸ்காரர் பிடித்து ஆட்டிப் பார்த்து, வீடு இடிந்தாலும் இது நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். தலைவி சொன்னபடியே நான் ஒரு கோப்பையும் வெல்லவில்லை. அந்த அமெரிக்கக்காரியின் பாரத்துக்கு என் விரல் பழகவே ஒரு வருஷம் பிடித்தது. பழகிய கொஞ்ச நாளில், ஒருவன் துப்பாக்கிகளோடு ஒரு பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து நடக்கக் கூடாதது நடந்து, கைத்துப்பாக்கியே வேண்டாம் என்று நாடு சட்டம் போட்டது. கொண்டுபோய் ஒப்படைத்தோம். எனக்கு அதில் மனக்குறை இல்லை. அந்தப் பிள்ளைகளின் செய்தியை இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். வரிசையில் நின்றபோது பையைத் தூக்கிக்கொண்டவர் இவர்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த நாள் இல்லை. அதற்கு முன்னால், அவளோடு நான் கிளப்புக்குப் போய் வந்த முதல் வியாழக்கிழமை. அலமாரியைப் பூட்டினேன், சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்தேன், கோட்டைக் கழற்றினேன். தலைமயிரெல்லாம் அந்த மணம். வழக்கம்போல மாடிப்படியில் கால் வைத்துக் குளியலறைக்கு ஏறப் போனேன்.

“எங்கை போறீர்?” சமையலறையிலிருந்து இவர் எட்டிப் பார்த்தார். இரண்டு கையிலும் அரிசிமா.

“குளிக்க.”

“பிறகு குளிக்கலாம். கையை மட்டும் கழுவிப்போட்டு வாரும், இடியப்பம் ஆறிப்போடும்.”